லீட் ஸ்க்ரூவில் உடைந்த அந்தச் சின்ன பின்: அது என்ன, அதற்குப் பதிலாக எதைப் போடுவது

குமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் பட்டறை நடத்தும் தம்பி ஒருவர் கேட்டது இது. மாமா விட்டுப்போன பழைய ஆறடி லேத், அதாவது கடைசல் மெஷின், பெயர்ப் பலகை பெயின்டுக்குள் மறைந்துவிட்டது. குளச்சலிலிருந்து வந்த படகு ஷாஃப்ட் ஒன்றில், எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஷாஃப்ட், 1.5 எம்.எம். பிட்ச், அதாவது மரைக்கு மரை 1.5 எம்.எம்., மரை வெட்டிக்கொண்டிருக்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் சக் சுற்றுகிறது, சைடு கியர் எல்லாம் சுற்றுகிறது, மரை வெட்டும்போது கேரேஜை இழுத்துப்போகும் நீள மரைக்கம்பியான லீட் ஸ்க்ரூ மட்டும் நின்றுவிட்டது. கீழே வெட்டி விழுந்த உலோகச் சுருளைக் கிளறினால் 4 எம்.எம். தடிமனில் கறுத்துப்போன ஒரு குட்டித் துண்டு. அதை எடுத்துக்கொண்டு மூன்று கடை ஏறி இறங்கினாராம், மூன்று கடையிலும் மூன்று பெயர் சொல்லியிருக்கிறார்கள். பழைய ட்ரில் பிட்டின் காம்பை அளவாக வெட்டி அடித்துவிட்டால் ஆயுசுக்கும் உடையாது என்று ஒரு நண்பர் யோசனை சொல்லியிருக்கிறார். இதோடு, லீட் ஸ்க்ரூவை கியர் பாக்ஸோடு சேர்க்கும் குழாயான ஸ்லீவில் இருந்த, தலை இல்லாத குட்டி கிரப் ஸ்க்ரூ ஒன்றும் மரை போய்விட்டது, 8 எம்.எம். வாங்கிப் போட்டால் இரண்டு சுற்றுக்கு மேல் இறங்கவில்லை.

தம்பி, முதலில் அந்த ட்ரில் பிட்டைக் கீழே வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் கையில் இருப்பது ஷியர் பின்னின் ஒரு துண்டு. உடைய வேண்டும் என்றே செய்து வைத்த சாமான் அது. மோட்டாரின் பலம் பெல்ட், ஸ்பிண்டில், சைடு கியர், கியர் பாக்ஸ் என்று வரிசையாக வந்து கடைசியில் லீட் ஸ்க்ரூவில் இறங்குகிறது. வெட்டும் டூலைச் சுமந்து நகரும் கேரேஜ் எங்காவது முட்டி நின்றுவிட்டால் அந்த பலத்துக்குப் போக வழி கிடையாது, வரிசையில் எது மெலிந்ததோ அதைப் பிய்த்துக்கொண்டு போகும். அப்படிப் போவது வார்ப்பிரும்பு கியராகவோ, கேரேஜை லீட் ஸ்க்ரூவோடு பிணைக்கும் ஹாஃப் நட்டாகவோ இருந்துவிடக் கூடாது என்றுதான், மெஷினைச் செய்தவன் கியர் பாக்ஸும் லீட் ஸ்க்ரூவும் சேரும் ஸ்லீவில் ஒரு மெல்லிய பின்னை வைத்தான். வீட்டில் ஃபியூஸ் போனால் அந்த இடத்தில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அப்புறம் ஃபியூஸ் போகவே போகாது, ஒருநாள் வயரிங் எரியும். ட்ரில் பிட் காம்பும் அதே வேலைதான்.

இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. பட்டறை தொடங்கிய புதிதில் நானே போட்டேன். ஒரு ரப்பர் ரோலர் ஷாஃப்ட் அவசரமாக முடிக்க வேண்டியிருந்தது, குலசேகரத்திலிருந்து வந்த ஆள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார், பின் உடைந்ததும் கைக்கு வந்த ட்ரில் பிட்டை வெட்டி அடித்தேன். மூன்று வாரம் நன்றாக ஓடியது. நாலாவது வாரம் மரை வெட்டும்போது ஹாஃப் நட்டை எடுக்க அரை நொடி பிந்திவிட்டேன், கேரேஜ் சக்கில் போய் முட்டியது. பின் அசையவில்லை. கியர் பாக்ஸுக்குள் வார்ப்பிரும்பு கியரில் பக்கத்துப் பக்கத்துப் பல் மூன்று போயிற்று. கியரைக் கழற்றி கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் மாதிரி பார்த்துப் புதிதாக வெட்டிக் கொண்டுவரும்வரை லேத் 19 நாள் சும்மா நின்றது, வந்த வேலையெல்லாம் அடுத்த பட்டறைக்குப் போனது. அந்த கியர் பாக்ஸைத் திறந்து பார்த்த சாயங்காலம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, துண்டைப் பார்ப்போம். நீங்கள் ஒரு துண்டு கிடைத்தது என்கிறீர்கள். பின் ஸ்லீவின் ஒரு பக்கச் சுவரில் நுழைந்து, ஷாஃப்டைக் குறுக்கே கடந்து, மறுபக்கச் சுவரில் வெளியே வருகிறது, ஆகவே உடையும்போது இரண்டு இடத்தில் அறுந்து மூன்று துண்டாகும். ஸ்லீவுக்குள் ஷாஃப்டில் மாட்டிக்கொண்டிருக்கும் நடுத்துண்டு தானாக விழ வழியே இல்லை. எனவே உங்களிடம் இருப்பது ஓரத்துண்டு. வெர்னியர் காலிப்பரில் அதன் நீளத்தை அளந்தால் ஏறக்குறைய ஸ்லீவின் சுவர்த் தடிமன் வரும். மீதி இரண்டு துண்டும் உள்ளேயே இருக்கின்றன. அவற்றை எடுக்காமல் புதுப் பின் வாங்கிப் பயனில்லை, அதைவிட முக்கியம், அவற்றைப் பார்க்காமல் என்ன பின் என்று முடிவு செய்யவும் முடியாது. துண்டின் விட்டத்தை இரண்டு முனையிலும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நேர் பின். கொஞ்சம் வித்தியாசம் வந்தால், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெலிந்துகொண்டே போகும் டேப்பர் பின்னாக இருக்கலாம், ஆனால் 8, 10 எம்.எம். நீளத் துண்டில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது: மெட்ரிக் டேப்பர் பின் 50 எம்.எம். நீளத்துக்கு 1 எம்.எம். கணக்கில்தான் மெலியும், அதாவது 10 எம்.எம். துண்டில் வித்தியாசம் 0.2 மட்டும். இஞ்ச் கணக்கு டேப்பர் பின் ஒரு அடிக்கு கால் இஞ்ச், அதாவது 48-க்கு 1, இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், மாற்றிப் போட்டால் ஒரு முனையில் மட்டும் பிடித்துக்கொண்டு மறுமுனை ஆடும். அதனால் துண்டை மட்டும் நம்பாமல் ஸ்லீவின் இரண்டு பக்கத் துளை வாயையும் அளந்துகொள்ளுங்கள், அதில் தெளிவாகத் தெரிந்துவிடும்.

இன்னொன்று. பெரும்பாலும் ஸ்லீவில் ஒரு பின் இருக்காது, இரண்டு இருக்கும். ஒன்று கியர் பாக்ஸ் ஷாஃப்டைப் பிடிப்பது, மற்றது லீட் ஸ்க்ரூவைப் பிடிப்பது. இரண்டில் ஒன்றுதான் உடைவதற்காக வைத்தது, மற்றது கெட்டியான டேப்பர் பின்னாக இருக்கலாம். எந்தத் துளையிலிருந்து எது வந்தது என்று காகிதத்தில் படம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், இடம் மாறினால் மறுபடியும் பழைய கதைதான்.

உடைந்த முகத்தைப் பாருங்கள். துடைக்கலாம், ஆனால் தேய்க்க வேண்டாம், இரண்டு துண்டையும் ஒட்ட வைத்துப் பார்க்கவும் வேண்டாம், அதில் எழுதியிருப்பது அழிந்துவிடும். வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் வைக்கும் லென்ஸ் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் செல்போன் கேமராவைப் பெரிதாக்கினாலே போதும். முகம் முழுவதும் ஒரே திசையில் இழுத்துத் தேய்த்த மாதிரி பளபளவென்று, ஒரு ஓரத்தில் உலோகம் லேசாக வழிந்து நின்றால் ஒரே அடியில் அறுந்தது, அதாவது எங்கேயோ முட்டியது அல்லது சிக்கியது. அப்படி இல்லாமல் பாதி வழவழவென்று இருந்து, அந்த வழவழப்பில் முட்டம் கடற்கரையில் அலை திரும்பிப் போனதும் மணலில் நிற்குமே அந்த மாதிரி வளைந்த கோடுகள் தெரிந்து, மீதிப் பாதி சொரசொரப்பாக இருந்தால், அது நாள்பட்ட விரிசல். தினம் கொஞ்சம் கொஞ்சமாக அறுந்து வந்திருக்கிறது, நேற்று சத்தம் மட்டும்தான் கேட்டது.

உங்கள் விஷயத்தில் இரண்டாவதுதான் என்று எனக்குப் படுகிறது, காரணம் நீங்கள் வெட்டியது 1.5 பிட்ச். நம் பக்கத்துப் பழைய லேத்துகளில் லீட் ஸ்க்ரூ பெரும்பாலும் இஞ்சுக்கு 4 மரை. அதில் மெட்ரிக் மரை வெட்டும்போது ஹாஃப் நட்டை எடுத்துவிட்டு மறுபடி சரியான இடத்தில் போட முடியாது, மரை தப்பிப்போகும். எனவே ஹாஃப் நட்டைப் போட்டபடியே வைத்துக்கொண்டு மோட்டாரை முன்னும் பின்னும் மாற்றி மாற்றி ஓட்டுவோம். ஒவ்வொரு தடவை திசை மாறும்போதும் பின்னுக்கு ஒரு அடி இந்தப் பக்கம், ஒரு அடி அந்தப் பக்கம். பின் துளையில் கொஞ்சம் லூசாக இருந்துவிட்டால் அது சுத்தியல் அடி மாதிரி. படகு வேலை அதிகம் செய்யும் பட்டறையில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை திசை மாறும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இப்போது உள்ளே இருக்கும் துண்டுகளை எடுக்கும் வேலை. மெயின் சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் ஃபியூஸையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், பெல்ட்டையும் தளர்த்திவிடுங்கள். ஓரத்துண்டு விழுந்த துளை வழியாக டார்ச் அடித்துக்கொண்டு லீட் ஸ்க்ரூவைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். ஷாஃப்டின் மேற்பரப்பு கடந்துபோகும், ஒரு இடத்தில் சின்ன வட்டம் ஒன்று பளிச்சென்று வரும், அதுதான் நடுத்துண்டின் முகம். அது துளைக்கு நேரே நிற்கும்போது சுற்றுவதை நிறுத்தி, ஸ்லீவ், ஷாஃப்ட் இரண்டையும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். இந்தக் கோட்டை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் துளை எப்போதும் சரியான நடுவில் போட்டிருக்க மாட்டார்கள், அரைச் சுற்று திருப்பி மாட்டினால் பின் நுழையாது, நுழையவில்லை என்று ட்ரில்லை விட்டு அகலப்படுத்தி ஸ்லீவையே கெடுத்தவர்கள் உண்டு. வட்டம் நேரே வந்ததும் 3.5 எம்.எம். பின் பஞ்ச் வைத்து அடித்தால் நடுத்துண்டும் மறுபக்கத் துண்டும் சேர்ந்து வெளியே போகும். டேப்பர் பின் என்றால் மெலிந்த பக்கத்திலிருந்துதான் அடிக்க வேண்டும், மாற்றி அடித்தால் இன்னும் இறுகும்.

அடிக்கும் முன் ஸ்லீவுக்கு அடியில் லேத்தின் அடிமேடையான பெட்டிலிருந்து மரக்கட்டை வைத்து முட்டுக்கொடுங்கள். லீட் ஸ்க்ரூ நீளமான கம்பி, அந்தரத்தில் தொங்கும்போது மேலே அடி விழுந்தால் வளையும். வளைந்த லீட் ஸ்க்ரூவை நேராக்குவது பின் போடுவதைப் போல ஒரு மணி நேர வேலை இல்லை. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், நேரத்தைக் கூட்டுங்கள். நம் மாவட்டத்தில் தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும், கருங்கல்லுக்குக் கடலும் தூரம் இல்லை, காற்றில் வரும் உப்பும் ஈரமும் சேர்ந்து மற்ற ஊரில் பத்து வருடத்தில் பிடிக்கும் துரு இங்கே சீக்கிரமே பிடித்துவிடும். ரஸ்ட் ஸ்ப்ரேயோ, மண்ணெண்ணெயோடு கொஞ்சம் எண்ணெய் கலந்ததோ, சாயங்காலம் ஊற்றி வைத்துக் காலையில் மறுபடியும் ஊற்றி, சின்னச் சின்னத் தட்டாக நிறையத் தட்டினால் பெரும்பாலும் வந்துவிடும். அதற்கும் வராவிட்டால் நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து 3 எம்.எம். ட்ரில்லை நேராக விட்டு உள்ளே பொள்ளையாக்கி எடுக்கலாம், மைல்ட் ஸ்டீல், அதாவது எம்.எஸ். என்ற சாதாரண மென்மையான இரும்புப் பின் என்றால் சுலபமாக அறுபடும். உங்கள் நண்பர் சொன்ன மாதிரி ட்ரில் பிட் காம்பு உள்ளே உடைந்து கிடந்தால் இந்த வழியும் அடைந்துபோகும், கெட்டியாக இருக்கும் பிட்டில் ட்ரில் ஏறாது.

கடையில் என்ன கேட்பது என்பதுதான் உங்கள் முக்கியமான கேள்வி. மூன்று கடையில் மூன்று பெயர் சொன்னது அவர்கள் தப்பு இல்லை, ஷியர் பின் என்று தனியாக ஒரு சாமான் பொதுவாக ஹார்டுவேர் கடையில் இருக்காது, அந்த வடிவத்தில் இருப்பதை எடுத்துக் கொடுப்பார்கள். டோவல் பின் கொடுத்தால் அது அழகாக பாலிஷ் ஏற்றி அச்சாக அளவில் இருக்கும், ஆனால் பெரும்பாலும் அது சூடேற்றிக் கெட்டிப்படுத்தியது, அரம் போட்டால் வழுக்கும். அது ட்ரில் பிட்டின் தம்பி. ஸ்பிரிங் பின், ரோல் பின் என்றும் சொல்வார்கள், நீளவாக்கில் பிளந்த குழாய் மாதிரி இருப்பது. உள்ளே பொள்ளை, அதனால் மெலிது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அது ஸ்பிரிங் ஸ்டீல், கன வகை ஸ்பிரிங் பின் அதே தடிமன் மைல்ட் ஸ்டீல் பின்னைவிட அதிகம் தாங்கும். சில மெஷினில் அதையே வைத்துத்தான் அனுப்புகிறார்கள், அங்கே அது சரி, உங்கள் மெஷினில் இருந்தது பொள்ளை இல்லாத முழுப் பின் என்பதால் வேண்டாம். காட்டர் பின், அதாவது இரண்டு காலும் மடக்கும் ஸ்ப்ளிட் பின், இது எதிர்ப்பக்கத் தப்பு, சும்மா தொட்டதற்கெல்லாம் அறும். கம்பி ஆணி கேட்கிறார்கள் சிலர். ஆணியின் உலோகம் மோசம் இல்லை, மைல்ட் ஸ்டீல்தான், ஆனால் தடிமன் அச்சாக வராது, லூசாக ஆடி ஆடித் துளையை நீட்டிவிடும். கான்கிரீட் ஆணி மட்டும் எந்தக் காரணத்துக்கும் கூடாது.

ஆகவே பின் கேட்காதீர்கள், ராட் கேளுங்கள். “அண்ணாச்சி, 4 எம்.எம். எம்.எஸ். பிரைட் ராட் ஒரு அடி வேண்டும்” என்று சொன்னால் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ராட் விற்கும் கடைக்காரருக்குப் புரியும். ஒரு அடியில் எத்தனையோ பின் வெட்டலாம். கிடைக்கவில்லையா, 6 எம்.எம். ராடை வாங்கி உங்கள் லேத்திலேயே கடைந்துகொள்ளுங்கள். லீட் ஸ்க்ரூ போனால் போகட்டும், கேரேஜ் கைச் சக்கரம் ராக் என்ற பல் பட்டையில்தானே ஓடுகிறது, கை ஃபீடில் 4 எம்.எம். கடைவதற்கு ஒன்றும் தடை இல்லை.

ஆனால் அதற்கு முன் பழைய பின் உண்மையிலேயே மைல்ட் ஸ்டீல்தானா என்று பார்த்துவிடுங்கள். காந்தம் ஒட்டாவிட்டால் பித்தளை அல்லது அலுமினியம், அப்படியானால் பித்தளைக்குப் பித்தளைதான் போட வேண்டும், இரும்பு கூடாது. காந்தம் ஒட்டினால் அரத்தை ஒரு இழுப்பு இழுங்கள், கடிக்க வேண்டும். கிரைண்டரில் ஓரத்தை லேசாகத் தொட்டால் பொறி சொல்லிவிடும்: மைல்ட் ஸ்டீல் என்றால் நீளமான மஞ்சள் கோடாகப் போகும், முனையில் அதிகம் பூக்காது, கார்பன் கூடின எஃகு என்றால் மத்தாப்பூ மாதிரி கிளை கிளையாக வெடிக்கும். பழைய ஆளும் ஏற்கனவே தப்பான பின்னைப் போட்டிருக்கலாம், அதனால் வந்ததை அப்படியே நகல் எடுக்காமல் கொஞ்சம் யோசியுங்கள். பின்னைச் சுற்றி, அறுந்த இடத்தில் வி வடிவப் பள்ளம் கடைந்திருந்தால் கணக்குக்கு வருவது அந்தப் பள்ளத்தின் அடி விட்டம்தான், மேல் விட்டம் இல்லை.

அரை எம்.எம்., ஒரு எம்.எம். கூடினால் என்ன என்று நினைப்பீர்கள். பின் தாங்கும் அளவு விட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். 4-ஐ 5 ஆக்கினால் 16-க்கு 25, அதாவது ஒன்றரை மடங்குக்கும் மேல். துளை ஓவலாகி, ரீமர் விட்டு 5 ஆக்கித்தான் தீர வேண்டும் என்ற நிலை வந்தால் 5 எம்.எம். பின்னே போடுங்கள், ஆனால் ஸ்லீவும் ஷாஃப்டும் சந்திக்கும் இரண்டு இடத்துக்கும் நேராக அதில் அடி விட்டம் 4 எம்.எம். வரும்படி சுற்றிலும் பள்ளம் எடுத்துவிடுங்கள். துளையிலும் ஆடாது, உடைய வேண்டிய நேரத்திலும் உடையும். பள்ளம் அந்தச் சந்திப்பில் சரியாக விழ வேண்டும், ஸ்லீவ் சுவரை அளந்துதான் குறிக்க வேண்டும்.

பின் துளையில் கட்டை விரல் அழுத்தத்தில் பாதி போய், மீதி லேசான தட்டில் இறங்கினால் அதுதான் சரியான பிடி. நுழைக்கும் முன் கிரீஸ் தடவுங்கள், நம் ஊர் ஈரத்துக்கு இது அவசியம், அடுத்த தடவை நீங்களே உங்களுக்கு நன்றி சொல்வீர்கள். நீளம் ஸ்லீவின் வெளிவிட்டத்துக்கு ஒரு பொட்டு குறைவாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சுற்றும்போது காட்டன் வேஸ்டையோ சட்டை நுனியையோ பிடித்து இழுக்கும், அதைவிட விபரீதம் வேறு இல்லை. வெளியே நழுவாமல் இருக்க துளை வாயில் சென்டர் பஞ்ச் வைத்து இரண்டு புள்ளி அடித்தால் போதும்.

கிரப் ஸ்க்ரூ விஷயம் சுலபம். அது 8 எம்.எம். இல்லை, இரண்டரை நூல். பழைய ஆட்கள் நூல் என்றால் எட்டில் ஒரு இஞ்ச், இரண்டரை நூல் என்றால் 5/16 இஞ்ச், எம்.எம்.மில் 7.94. வெர்னியரில் பார்த்தால் 8 என்றே காட்டும், அதனால்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பிட்ச் வேறு: 8 எம்.எம். போல்ட்டுக்கு 1.25, இரண்டரை நூலுக்கு இஞ்சுக்கு 18 மரை, அதாவது 1.41. முதல் இரண்டு சுற்று வந்து அப்புறம் இறுகிக்கொள்வது இதன் அடையாளம், அங்கே ஸ்பானரைப் போட்டு முறுக்கினால் ஸ்லீவின் மரை போய்விடும். மரை கேஜ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பழைய ஸ்க்ரூவில் நல்ல பக்கத்தில் 10 மரைக்கு ஸ்கேலை வைத்துப் பாருங்கள், 12.5 எம்.எம். வந்தால் மெட்ரிக், 14-க்குக் கொஞ்சம் மேலே வந்தால் இரண்டரை நூல். குட்டி ஸ்க்ரூவில் 10 மரை இருக்காது என்றால் 5 மரையை அளந்து இரட்டியுங்கள். 3 நூலுக்கும் 10 எம்.எம்.முக்கும் இந்தக் குழப்பம் அவ்வளவு வராது, 3 நூல் 9.5-தான், கண்ணுக்கே தெரியும். மரை ஏற்கனவே நசுங்கியிருந்தால் உள்மரை வெட்டும் இரண்டரை நூல் டேப்பை ஒரு தடவை விட்டுச் சுத்தம் செய்யுங்கள். நாகர்கோவில் கோணம் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டரோ டர்னரோ படித்த பையன்கள் பக்கத்தில் இருந்தால் டேப் செட்டும் கேஜும் கைவசம் வைத்திருக்க வாய்ப்பு உண்டு, ஒரு நாள் இரவல் கேட்கலாம்.

பின் தயாரானதும் உடனே போட்டு ஓட்டிவிட வேண்டாம். அந்த ‘டக்’ சத்தத்தில் வேறு எதுவும் போகவில்லையா என்று சைடு கியர் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, ஒரு பல்லில் சாக்பீஸ் வைத்து, அங்கிருந்து மறுபடி அங்கே வரும்வரை ஒவ்வொரு பல்லாகப் பாருங்கள். பல்லின் அடியில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அது அடுத்த வாரம் விழப்போகும் பல். கியர் மாற்ற வேண்டி வந்தால் கடைக்குப் போகும் முன் அது எந்த அளவு என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்: பல்லை எண்ணி 2 கூட்டுங்கள், கியரின் வெளிவிட்டத்தை எம்.எம்.மில் அளந்து அந்த எண்ணால் வகுங்கள். 40 பல் கியர், வெளிவிட்டம் 84 என்றால் 84-ஐ 42-ஆல் வகுக்க 2 வரும், அதாவது பல்லின் அளவு 2 மாட்யூல். 2.12 பக்கம் வந்தால் இஞ்ச் கணக்கில் 12 டி.பி. (டயமெட்ரல் பிட்ச்), 1.81 வந்தால் 14 டி.பி. பல் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் ஒரு பல்லுக்கு நேர் எதிரே பல் இருக்காது, வெர்னியர் குறைவாகக் காட்டும். அப்போது துளையின் ஓரத்திலிருந்து பல் நுனிவரை அளந்து, இரட்டித்து, துளை விட்டத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். தேய்ந்த கியரில் பின்னம் கொஞ்சம் முன்பின் இருக்கும், 1.97 வந்தால் அதை 2 என்றே எடுங்கள். மாமாவின் கியர் பெட்டிக்குள் 127 பல் கியர் ஒன்று கிடந்தால் அது இஞ்சையும் மெட்ரிக்கையும் மாற்றிக்கொள்ள வைத்தது, பெரும்பாலும் இஞ்ச் லீட் ஸ்க்ரூவில் மெட்ரிக் மரை வெட்ட, 25.4-ஐ ஐந்தால் பெருக்கினால் வருவது அந்த 127.

அடுத்தது, ஃபியூஸ் இன்னும் உங்கள் பையில் இருக்கும்போதே, ஹாஃப் நட்டைப் போட்டு, லீட் ஸ்க்ரூவைப் பின் போடாமல் கையால் சுற்றிப் பாருங்கள். பெட்டின் முழு நீளத்துக்கும் ஒரே கனமாகச் சுற்ற வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் கனத்தால் மரைக்குள் சுருள் அமுங்கியிருக்கும், அல்லது ஸ்க்ரூ வளைந்திருக்கும். எஸ்.எஸ். சுருள் கூர்மையானது, எண்ணெயோடு சேர்ந்து ஹாஃப் நட்டுக்குள் போய் உட்கார்ந்தால் எளிதில் வராது. பித்தளைக் கம்பி பிரஷும் மண்ணெண்ணெயும் வைத்து நிதானமாகச் சுத்தம் செய்யுங்கள். அப்புறம் சாதாரணக் கடைசலில் கேரேஜைத் தானாக ஓட்டும் ஃபீட் லிவரைப் போட்ட நிலையில் ஹாஃப் நட் லிவரைத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் விழ, கேரேஜின் முன்பக்கப் பெட்டியான ஏப்ரனுக்குள் இருக்கும் தடை அனுமதிக்கக் கூடாது. விழுந்தால் அந்தத் தடை தேய்ந்திருக்கிறது, கேரேஜை ஒரே நேரத்தில் இரண்டு வேகத்தில் இழுக்கச் சொல்கிறீர்கள் என்று அர்த்தம், எத்தனை பின் போட்டாலும் உடையும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் பின்னைப் போட்டு, சக்கைக் கையால் நாலு சுற்று சுற்றி, லீட் ஸ்க்ரூ உடன் வருகிறதா பாருங்கள். அப்புறம் ஃபியூஸைப் போட்டுக் குறைந்த வேகத்தில், வெட்டு இல்லாமல், கேரேஜ் ஒரு ஓட்டம் போய்வரட்டும். மெட்ரிக் மரை வெட்டும்போது திசை மாற்ற வேண்டியது வந்தால் சக் முழுவதும் நின்ற பிறகு மறுதிசை கொடுங்கள், ஓடும்போதே மாற்றும் பழக்கம்தான் பின்னை வாரம் தோறும் கொஞ்சமாக அறுப்பது. ஒரு வாரம் கழித்துப் பின்னை விரலால் தொட்டு ஆட்டம் இருக்கிறதா பாருங்கள்.

மிச்ச ராடில் பத்துப் பின் வெட்டி, எண்ணெய் தொட்ட துணியில் சுற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். சைடு கியர் கதவின் உள்பக்கத்தில் பெயின்டால் எழுதுங்கள்: ஷியர் பின் 4 எம்.எம்., எம்.எஸ்.; கிரப் இரண்டரை நூல். பெயின்டுக்குள் போன பெயர்ப் பலகையையும் ஒருநாள் தின்னர் தொட்ட துணியால் பொறுமையாகத் துடைத்துப் பாருங்கள், அதில் மரை வெட்டும் கியர் அட்டவணை இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. சுரண்டாதீர்கள், எழுத்து போய்விடும்.